கம்பிச் சில்லு கண்ட ஜேம்ஸ் ஸ்டார்லி

நாள்தோறும் கையாளும் பொருளைச் செய்தவர் எவர் என வினவ நமக்குத் தோன்றுவதில்லை. அகல்விளக்கை முதலில் ஏற்றியவரையும் ஊசிக்குக் காது துளைத்தவரையும் உலகம் மறந்துவிட்டது. அவை மிகப் பழைய பொருள்கள். மறந்தமைக்கு நியாயம் உண்டு. ஆனால் நம் வீட்டுத் தாழ்வாரத்திலே சார்த்தி வைத்திருக்கும் துவிச்சக்கர வண்டி அத்துணைப் பழையதன்று. அதன் சில்லிலே மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னி நிற்கும் அமைப்புத் தோன்றி ஏறத்தாழ 150 ஆண்டுகளே ஆகின்றன. அதனை வகுத்தவரின் பெயரும் பிறந்த ஊரும் செய்த தொழிலும் தெளிவாகவே எழுதப்பட்டுள்ளன. அவர் இங்கிலாந்து நாட்டவராகிய ஜேம்ஸ் ஸ்டார்லி.

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் இலக்கியப் பக்கத்திலே சில்லைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என வாசகர் வினவலாம். விடை எளிது. எங்கள் வன்னிப் பிள்ளைகள் இக்காலத்தில் வீதியோட்டச் சைக்கிட் போட்டிகளிலே பெருவிருப்புக் கொண்டுள்ளனர். புதுச் சில்லு வாங்குவோர் முதலில் கேட்பது எத்தனை கம்பியுள்ள சில்லு நல்லது என்பதே. கம்பி குறையக் குறைய வேகம் கூடும் என்ற எண்ணம் அவர்களிடையே பரவியிருக்கிறது. அவ்வெண்ணத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு மயக்கம் என்பதை அறிய, கம்பியைச் சில்லிற் கட்டிய மனிதரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குதல் தகும்.

ஸ்டார்லி 1830ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 21ஆம் நாள் சசெக்ஸ் மாகாணத்து அல்பேர்ண் என்னும் சிற்றூரிலே ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். ஒன்பது வயதிலேயே தந்தையாரின் வயலில் வேலைக்கு இறங்கினார். பள்ளிப் படிப்பு மிகுதியாக வாய்க்கவில்லை; கைகளே அவருக்குப் பள்ளியாயின. குடைக்கம்பியொன்றையும் வளையும் மரக்கொம்பொன்றையும் கொண்டு எலிப்பொறி செய்தார் என்பது அவரது இளமைக் கதைகளுள் ஒன்று. இழுத்துக் கட்டிய கம்பியின் வலிமையோடு பிற்காலத்தில் தம் பெயரைப் பிணைத்துக்கொண்டவர், சிறுவயதிலேயே குடைக்கம்பியைக் கையில் எடுத்தது ஓர் இனிய பொருத்தம்.

பதின்ம வயதில் வீட்டைவிட்டு வெளியேறி இலண்டன் மாநகரை நோக்கிப் புறப்பட்டார். அதன் அயலிலுள்ள லூயிஷம் என்னுமிடத்தில், கப்பல் இயந்திரம் செய்வதிற் புகழ்பெற்ற ஜோன் பென் என்பவரின் தோட்டத்தில் உதவித் தோட்டக்காரராக அமர்ந்தார். ஓய்வு நேரத்திலே மணிக்கூடுகளைத் திருத்துவார். சிறு பொறிகளைச் செய்து பார்ப்பார். பென் தம் மனைவியாருக்குத் தையல் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார். அக்காலத்தில் அது கிடைத்தற்கரிய விலைமிகுந்த பொருள். அது பழுதுபட்டபோது தோட்டக்காரரே அதனைக் கழற்றிப் பூட்டித் திருத்தியதோடு முன்னையினும் நன்றாக ஓடவும் வைத்தார். பென் குணம் நாடும் இயல்பினர். அவ்வியந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பங்காளர்களுள் ஒருவராகிய யோசையா ரேணர் அவருக்கு அறிமுகமானவர். அவ்வழியே 1859ஆம் ஆண்டில் ஸ்டார்லி இலண்டனில் அத்தொழிலகத்திற் சேர்ந்தார். மண்வெட்டி பிடித்த கை திருகாணி பிடிக்கும் கையாயிற்று.

அடுத்த சில ஆண்டுகளில் ரேணரும் ஸ்டார்லியும் கொவென்றி நகருக்குச் சென்று தையல் இயந்திரத் தொழிலகம் ஒன்றை நிறுவினர். அந்நகரின் நிலையை இங்கே கூறுதல் வேண்டும். கொவென்றி மக்கள் நெடுங்காலமாகப் பட்டு நாடா நெய்து வாழ்ந்தவர்கள். 1860ஆம் ஆண்டில் பிரான்சுடன் ஏற்பட்ட வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சு நாட்டுப் பட்டு தீர்வையின்றி இங்கிலாந்திற் புகுந்தது. கொவென்றித் தறிகள் ஓய்ந்தன. நெசவாளர் பலர் வேலையிழந்து வாடினர். ஊரைவிட்டுப் போயினர் பலர். தறியோசை அடங்கிய ஊரிலே மணிக்கூடு செய்வோரின் நுண்ணிய கைத்திறன் மட்டும் எஞ்சியிருந்தது. அந்த ஊருக்கே ஸ்டார்லி வந்து சேர்ந்தார்.

1868ஆம் ஆண்டில் ரேணரின் மருமகன் பாரிசிலிருந்து மிதிவண்டி ஒன்றைக் கொவென்றிக்குக் கொண்டுவந்தார். முன்சில்லின் அச்சிலேயே மிதி பொருத்தப்பட்ட வண்டி அது. மரச்சில்லுக்கு இரும்புப் பட்டம் கட்டியிருந்தமையால் கல்வீதியிலே அதில் ஏறிச் சென்றவரின் எலும்பெல்லாம் குலுங்கியது. ஆங்கிலேயர் அதற்கு எலும்பு குலுக்கி என்றே பெயரிட்டனர். பாரிசில் அவ்வண்டிக்குப் பெருந்தேவை இருந்ததால் கொவென்றித் தொழிலகம் அதனையும் செய்ய ஒப்புக்கொண்டு, 1869ஆம் ஆண்டில் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள் பாரிசிலிருந்து ரூவென் நகர்வரை 123 கிலோமீற்றர் தூரத்துக்கு வீதியோட்டம் நிகழ்ந்தது. ஊருக்கு ஊர் ஓடும் நெடுவழிப் போட்டிகளின் தொடக்கமென இன்றும் அதனையே கூறுவர். ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ பத்தரை மணி நேரத்துக்கு மேல் மிதித்து அதில் முதல்வரானார். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்கூட இல்லாத அவ்வேகம் இன்று சிறுவர்க்கும் எளிது. தடையாய் நின்றவை பாரமான வண்டியும் கரடான வீதியுமே.

இவ்விடத்தில் சில்லின் இலக்கணத்தைச் சிறிது நோக்குவோம். நம் முன்னோர் தேர்ச்சில்லின் உறுப்புகளைக் குறடு, ஆர், சூட்டு என மூன்றாகப் பகுத்து வழங்கினர். நடுவிலுள்ளது குறடு, சுற்றிலுமுள்ளது சூட்டு, இரண்டையும் இணைப்பது ஆர். மரச்சில்லிலே ஆர் தூணைப் போன்றது. சுமை குறட்டின்மேல் இறங்க, அப்பொழுது கீழே நிற்கும் ஆரக்கால் அதனைத் தாங்கி நிலத்திற்கு இறக்கும். ஆதலின் அது தடித்திருத்தல் வேண்டும்; தடித்தாற் பாரம் கூடும்.

கம்பியோ தூணாக நிற்கமாட்டாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால் அதன் வலிமை பெரிது. பந்தல் நடுவே நட்ட கம்பத்தை நாற்புறமும் வடமிட்டு இறுக்கினால், வடம் மெல்லியதாயினும் கம்பம் சாயாது நிற்கும். கம்பிச் சில்லின் நுட்பமும் அதுவே. கம்பிகள் எல்லாம் முன்னமே இறுக்கி இழுக்கப்பட்டிருக்கும். வண்டியில் ஏறியமர்ந்ததும் கீழ்ப்புறக் கம்பிகளின் இறுக்கம் சிறிது குறைகிறது; அக்குறைவே சுமை தாங்கப்படும் வழி. முன்னேற்றிய இறுக்கம் முழுதும் தீருமளவு சுமை வந்தால் மட்டுமே கம்பி தளர்ந்து சில்லு நெளியும்.

இக்கருத்து ஸ்டார்லிக்கு மட்டுமே தோன்றியதன்று. ஜோர்ஜ் கேலி என்னும் ஆங்கில அறிஞர் 1808ஆம் ஆண்டிலேயே இத்தகைய சில்லை எண்ணிக் குறித்து வைத்தார். பாரிசில் இயூஜின் மெயர் 1869ஆம் ஆண்டில் கம்பிச் சில்லுக்கு உரிமம் பெற்றார். ஸ்டார்லியின் சிறப்பு, அடுத்து எழுந்த இடர்ப்பாட்டைக் கண்டு அதற்குத் தீர்வு சொன்னமையிலே உள்ளது.

1870ஆம் ஆண்டில் ஸ்டார்லியும், பிற்காலத்தில் மோட்டார் வண்டித் தொழிலிற் பெயர்பெற்ற வில்லியம் ஹில்மனும் ஏரியல் என்னும் வண்டிக்கு உரிமம் பெற்றனர். அது முழுதும் உலோகத்தால் ஆயது. முன்சில்லு பெரியது, பின்சில்லு சிறியது. மிதி ஒருமுறை சுழன்றால் முன்சில்லும் ஒருமுறையே சுழலும். எனவே விரைவு வேண்டின் சில்லைப் பெரிதாக்குதலே அன்றைய வழி. மரத்தாற் செய்தால் தாங்கொணாப் பாரமாகும் பெருஞ்சில்லு, கம்பியால் இலேசாயிற்று. வண்டியின் திறனை உலகுக்குக் காட்ட இருவரும் இலண்டனிலிருந்து கொவென்றிவரை 96 மைல் தூரத்தை ஒரே நாளில் மிதித்து முடித்தனர் என்று அவ்வூரார் வழிவழிச் சொல்லுவர்.

ஆயினும் இடர்ப்பாடு ஒன்று இருந்தது. ஏரியலின் கம்பிகள் குறட்டின் நடுவிலிருந்து நேரே சூட்டை நோக்கிச் சென்றன. மிதிக்கும் வலிமை முதலிற் குறட்டிலே விழுகிறது. குறடு திரும்பச் சூட்டும் உடன் திரும்பவேண்டும். நேர்க்கம்பி அத்திருகலை நன்கு கடத்தாது. தயிர் கடையும் மத்தை எண்ணிப் பாருங்கள். மத்திற் கயிற்றைச் சுற்றிப் பக்கவாட்டில் இழுத்தால் அது சுழலும். கயிற்றை மத்தின் நடுவிலே முடிந்து நேரே இழுத்தால் மத்து நம்மை நோக்கி வருமேயன்றிச் சுழலாது. ஏரியலில் இதற்காகக் குறட்டிலிருந்து நெம்புகோல் போன்ற சட்டமொன்றை நீட்டி, அதனைத் தனிக்கம்பிகளாற் சூட்டுடன் பிணைத்திருந்தனர். அது வேலை செய்தது. எனினும் அது ஓர் ஒட்டு வேலையே.

1874ஆம் ஆண்டில் ஸ்டார்லி அந்த ஒட்டை அகற்றினார். கம்பிகளைக் குறட்டின் நடுவிலிருந்து நேரே செல்லவிடாது, அதன் விளிம்பைத் தொட்டுச் சாய்ந்து செல்லுமாறு அமைத்தார். ஒரு பாதிக் கம்பிகள் முன்னோக்கிச் சாய, மறுபாதி பின்னோக்கிச் சாய்ந்தன. போகும் வழியில் ஒன்றையொன்று குறுக்கிட்டன. மிதிக்கும்போது ஒரு பாதி மேலும் இறுகி இழுக்கும். மறுபாதி சிறிது நெகிழ்ந்து இடங்கொடுக்கும். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாயிற்று. இன்று ஒட்டுசுட்டானிலும் உலகின் எம்மூலையிலும் சைக்கிள் திருத்துபவர் கையிற் சிறு திறப்பை வைத்துக்கொண்டு சில்லின் நெளிவை எடுப்பது இவ்வமைப்பைக் கொண்டே.

இதன்பின் அவர் கருத்து முச்சில்லு வண்டிகளின்பாற் சென்றது. இருவர் பக்கத்துப் பக்கமாக இருந்து மிதிக்கும் வண்டியொன்றை அவர் செய்தார். மகனோடு அதில் ஏறிச் சென்றபோது, இருவரின் வலிமையும் ஒவ்வாமையால் வண்டி ஒருபுறம் இழுத்துச் சென்று வீதியோரப் புதரிலே தள்ளியதாகக் கூறுவர். அவ்வீழ்ச்சியைச் சிந்தித்து, இருபுறச் சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடந்தரும் பற்சில்லு அமைப்பை 1877ஆம் ஆண்டில் தம் வண்டியிற் பொருத்தினார். அத்தகைய அமைப்புப் பிரான்சில் முன்னமே அறியப்பட்டதாயினும் சைக்கிளுக்கு அதனைக் கொணர்ந்தவர் இவரே. மோட்டார்க் கார் வளைவிலே இடரின்றித் திரும்புவது இன்றும் அவ்வகை அமைப்பாலேயாம். 1881ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியார் அவரது முச்சில்லு வண்டிகள் இரண்டை வாங்கினார். அவற்றை ஒப்படைக்கச் சென்ற ஸ்டார்லிக்கு வெள்ளிக் கடியாரம் ஒன்றைப் பரிசாக அளித்தார் என்பர். அவ்வாண்டு யூன் மாதம் 17ஆம் நாள், ஐம்பத்தொரு வயதில், அவர் காலமானார்.

நாம் இன்று ஏறும் ஒத்த சில்லு வண்டியை அவர் கண்டிலர். அதனை 1885ஆம் ஆண்டில் ரோவர் என்னும் பெயரில் வெளியிட்டவர் அவர் தம்மோடு வைத்துப் பழக்கிய உடன்பிறந்தார் மகன் ஜோன் கெம்ப் ஸ்டார்லி. சங்கிலியின் துணையால் சிறு சில்லும் வேகமாக ஓடிற்று. 1888ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த ரயரைக் கொணர்ந்தார். உருவம் முற்றும் மாறியது. ஆயினும் 1874ஆம் ஆண்டின் சாய்வுக் கம்பி மாறவில்லை.

இனிக் கம்பியின் எண்ணிக்கைக்கு வருவோம். நம் தந்தையர் காலத்து ஆங்கில நாட்டுச் சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40 எனக் கம்பிகள் இருந்தன. பின்னர் 36, 36 என ஒத்த எண் பரவியது. இரண்டிலும் கூட்டுத்தொகை 72 தான். முன்னையோர் பின்சில்லுக்குக் கூடக் கொடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஏறியிருப்பவரின் பாரத்தில் பெரும்பங்கு பின்சில்லின்மேல் விழுகிறது. மிதிக்கும் திருகலும் அதற்கே. பற்சில்லுக்கு வலப்புறத்தில் இடம் விடுவதால் வலக்கம்பிகள் மிக இறுகியும் இடக்கம்பிகள் தளர்ந்தும் நிற்கும். ஆகையால் முதலிற் பழுதாவது பெரும்பாலும் பின்சில்லே.

அந்த 72 கம்பிகளின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டா. 1990களிலே எரிபொருள் அரிதாகிய காலத்தில் நெல்மூடையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றன. மின்சாரம் இல்லாத இரவுகளில் சில்லைச் சுழற்றி, டைனமோவின் துணையால் வானொலிச் செய்தி கேட்டோம். 2009ஆம் ஆண்டு போர் முடியும்வரை இடம்பெயர்ந்தவர் பலர்க்கு வீட்டில் எஞ்சிய பொருள்களைச் சுமந்தது அச்சில்லே. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கின. அங்கே கம்பியின் மிகை வீண்செலவாகவில்லை, உயிர்க்காவலாயிற்று.

போட்டியின் தேவை வேறு. இன்று வீதியோட்டச் சில்லுகளில் முன்னே 20, பின்னே 24 என்னும் அளவு பெருவழக்கு. சிலவற்றில் அதனினும் குறைவு. உலகச் சைக்கிட் சங்கத்தின் விதியோ கூட்டோட்டத்துக்குரிய சில்லிலே குறைந்தது 12 கம்பியேனும் இருத்தல் வேண்டும் என வரையறுத்திருக்கிறது. கம்பியைக் குறைப்பதற்கு முதற்காரணம் காற்று. ஓடும் சில்லின் உச்சி, வண்டியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் முன்செல்கிறது. அங்கே ஒவ்வொரு கம்பியும் காற்றைக் கிழித்தாக வேண்டும். இது மெய்யான ஆதாயம். விரைந்து ஓடுவோர்க்கு மிகுதியும் உரியது. இரண்டாவது காரணமாகச் சொல்லப்படும் பாரக் குறைவோ அத்துணைப் பெரிதன்று. கம்பியும் அதன் திருகுமுனையும் சேர்ந்து ஏறத்தாழ 7 கிராம். 36 கம்பியை 20 ஆக்கினால் ஒரு சில்லுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் மிஞ்சும். ஆனால் குறைந்த கம்பிக்கு ஈடுகொடுக்க றிம்மை வலிதாக்க வேண்டியிருப்பதால் மிஞ்சியதிற் பெரும்பகுதி அங்கே செலவாகிவிடும்.

என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் அறுவடைக் காலத்திற் கூலிவேலை செய்து சேர்த்த பணத்தோடு இவ்வினாவைக் கொண்டுவந்தான். ஒரு சோடி சில்லுக்கே அவனிடம் பணம் இருந்தது. பயிற்சிக்கும் போட்டிக்கும் பள்ளிக்கு வருவதற்கும் அதே சோடிதான். விளம்பரப் படத்திற் கண்ட 20 கம்பிச் சில்லின்மேல் அவன் மனம் சென்றிருந்தது. அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் ஒரு சில்லு ஏறத்தாழ 47,600 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகும். கம்பி பெரும்பாலும் ஒரே நாட்சுமையால் அறுவதில்லை. இந்தத் தளர்ந்திறுகலாற் களைத்து, குறட்டில் மாட்டும் வளைவிலேதான் அறுகிறது. 36 கம்பிச் சில்லில் ஒன்று அறுந்தால் சிறு நெளிவோடு வீடு வந்து சேரலாம். 20 கம்பிச் சில்லில் ஒன்று அறுந்தால் சில்லு பெரிதும் நெளிந்து பிறேக்கில் உரசும். பின்னே மாற்றுச் சில்லு கொண்டுவரும் வாகனம் இல்லாதவனுக்கு ஓட்டம் அங்கேயே முடியும். மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே செல்லும் பெருவீதியில் மட்டும் ஓடுபவன் அல்லன் அவன். குளத்துக் கட்டும் கிரவல் ஒழுங்கையும் அவன் வழியே. ஆகையால் முன்னே 28 அல்லது 32, பின்னே 32, ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கிடும் பின்னல், துருவேறாத உருக்குக் கம்பி: இதுவே அவனுக்கு ஏற்றது என்றேன். உடற்பாரம் கூடியவன் பின்னே 36 கொள்ளலாம். செப்பமான வீதியில், துணை வாகனத்தோடு, போட்டிக்கென்றே தனிச்சில்லு வைத்திருப்பவன் 20, 24 எனக் குறைப்பதில் தவறில்லை.

எண்ணிக்கையினும் முதன்மையானது ஒன்றுண்டு: கம்பிகளின் ஒத்த இறுக்கம். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலாற் சுண்டினால் யாழின் நரம்பு போல் ஒத்த ஒலி எழுதல் வேண்டும். மந்தமாக ஒலிப்பது தன் பங்கைச் சுமக்கவில்லை. அதன் பங்கை அயலிலுள்ளவை சுமக்கின்றன. முதலில் அறுவனவும் அவையே. ஒத்து இறுகிய 32 கம்பி, ஒவ்வாத 40 கம்பியினும் நெடுநாள் உழைக்கும். இப்பரிசோதனைக்குப் பணம் வேண்டுவதில்லை. செவியும் பொறுமையும் போதும். மாணவன் 32 கம்பிச் சில்லே வாங்கினான். எஞ்சிய பணத்தில் நல்ல ரயர் இரண்டும் வாங்கினான். கம்பி இறுக்கும் முறையை ஊரிலுள்ள சைக்கிள் திருத்துபவரிடம் மாலைவேளைகளிற் கற்று வருகிறான்.

ஸ்டார்லியின் வாழ்வை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. அவர் எதனையும் வெறுவெளியிலிருந்து படைத்தவர் அல்லர். பிறர் வாங்கிய தையல் இயந்திரம், பிறர் கொண்டுவந்த மிதிவண்டி, பிறர் எண்ணிய கம்பிச் சில்லு, இவற்றின் பழுது எங்கே உள்ளது என நிதானமாக நோக்கி, அவ்விடத்திலேயே கைவைத்தார். தறிகள் ஓய்ந்து வாடிய கொவென்றி, அவர் தொடங்கிய தொழிலால் மீண்டும் உணவு பெற்றது. சைக்கிள் உலகின் தலைநகராகவும் விளங்கிற்று. நன்றி மறவாத அந்நகரத்தார் 1884ஆம் ஆண்டில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். அது இன்றும் அங்கே நிற்கிறது. பெரிய படிப்பில்லாத ஓர் உழவர் மகனுக்கு ஒரு நகரம் செய்த சிறப்பு அது.